வாசலில் கேட்கிற ஆள்

யசோகிச்சி உயிரோடு இருந்தவரை அவரை நான் "அவன்" என்றுதான் சொல்லி வந்தேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் நான் கோயில் பூசாரி, அவர் கோயில் கூட்டுகிறவர். அந்தத் திமிர். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். செத்தவருக்கு மரியாதை கொடுப்பது சுலபம். எதிரில் வந்து நின்று அவர் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

குவாஹரா யசோகிச்சி கரி சுடுகிற குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் சுஸுகா மலைக் கணவாயின் மேல்புறத்தில் அப்போது நாலைந்து கரிச் சூளைகள் இருந்தன. பதினேழு வயதில் மர லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். அதனால் சண்டை வந்ததும் ராணுவத்திலும் லாரியையே கொடுத்தார்கள். தெற்கே பர்மா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் இல்லை, பெண்டாட்டி வேறொருவனோடு ஒசாகாவுக்குப் போய்விட்டிருந்தாள். அவர் யாரையும் திட்டவில்லை. நேராகக் கோயிலுக்கு வந்து என் அப்பாவிடம், "கூட்டறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் கூட்டினார். ஸ்டியரிங்கை மட்டும் மறுபடி தொடவேயில்லை. மழையில் நனைந்துகொண்டு நடந்தாலும் நடப்பாரே தவிர, யார் வண்டியையும் நகர்த்திக்கூட நிறுத்த மாட்டார்.

எங்கள் சாமி சருதாஹிகோ. வழி காட்டுகிறவர், நீண்ட மூக்குக்காரர். என் தாத்தா காலத்தில் கணவாய் ஏறுகிறவர்கள் வைக்கோல் செருப்பை வேலியில் கட்டி வேண்டிக்கொண்டு போனார்கள். என் காலத்தில் கார்கள் வந்தன. பள்ளத்தாக்கில் யார் வண்டி வாங்கினாலும், புதுசோ பழசோ, முதலில் எங்களிடம்தான் கொண்டு வருவார்கள். நாலு கதவையும் திறந்து, முன்மூடி பின்மூடி இரண்டையும் தூக்கி வைத்து, வண்டிக்காரர் பக்கத்தில் தலை குனிந்து நிற்பார். நான் வெள்ளைக் காகிதக் கொத்து கட்டிய கோலை நாலு சக்கரத்துக்கும் ஆட்டி, மந்திரம் சொல்லி, கண்ணாடியில் தொங்கவிட ஒரு தாயத்துப் பை கொடுப்பேன். நல்ல நாளும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தால் பத்துப் பதினைந்து வண்டி நிற்கும்.

அந்த நாட்களில் யசோகிச்சிக்கு இன்னொரு வேலை இருந்தது. வீட்டில் சாவு விழுந்தவர்கள் ஐம்பது நாள் எங்கள் தோரணவாசலைத் தாண்டக் கூடாது. தள்ளிப் போட முடியாத காரியம் என்றால் பூசாரி வாசலுக்கு வெளியே வந்து, உப்புத் தூவித் தீட்டுக் கழித்து, அப்புறம்தான் உள்ளே விட வேண்டும். அதற்குக் கால்மணி நேரம் ஆகும். எனவே யசோகிச்சி உப்புக் கிண்ணத்தோடு வாசல் தூணருகே நிற்பார். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு, "வீட்டுல சாவு உண்டா?" என்று கேட்பார். எல்லோரையும் கேட்பார். காலையில் பால் வாங்கும்போது பார்த்துப் பேசிய ஆளையும் கேட்பார். ஊரில் அவருக்குப் பெயரே "கேக்கற ஆள்".

பெட்ரோல் பங்க் வைத்திருந்த உமேதானி எங்கள் கோயில் கமிட்டித் தலைவர். வருஷத்துக்கு ஒரு கார் மாற்றுவார். ஒருமுறை யசோகிச்சி கேட்டதும் அவர், "இன்னும் இல்ல யசோ-சான். மாமியா சீக்கிரம் போகட்டும்னு வேண்டிக்கத்தான் உள்ள போறேன்" என்றார்.

"அவங்க போயிட்டா நீங்க ஐம்பது நாள் உள்ள வர முடியாதே. புதுக் கார் வீட்டுலயே நிக்கும்" என்றார் யசோகிச்சி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கோங்க. உங்களுக்குத்தான் லாபம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. இந்த மாதிரிப் பேச்சு அவரிடம் எப்போதாவதுதான் வரும்.

ஒரு டிசம்பர் மாதம் வாசலுக்குக் கட்ட வைக்கோல் வடம் திரித்துக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, அவராகவே சொன்னார். "பின்வாங்கி வர்றப்போ, ரோட்டுல நம்ம ஆளுங்கதான் படுத்துக் கிடந்தாங்க. காய்ச்சல். எழுந்திரிக்க முடியல. நிறுத்தாம ஓட்டுன்னு உத்தரவு. ஓட்டினேன்." அவ்வளவுதான். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். வடம் தளர்வாக இருக்கிறது, இறுக்கிப் பிடி என்று சொன்னேன்.

இப்போது அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இருபத்திரண்டு வயது ஒகுயாமா கத்சுமி ஒரு குட்டி லாரியோடு வந்தான். யாரோ ஓட்டித் தீர்த்த பழைய வண்டி. அவன் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டார். பையன் திங்கட்கிழமை முதல் கணவாய்க்கு அந்தப் பக்கம் சாமான் ஏற்றிப் போகிற வேலையில் சேர வேண்டும். அன்று பதினொரு வண்டி நின்றது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. யசோகிச்சி அவனை வாசலிலேயே ஓரம் நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"ஐயா, ஒகுயாமா வீட்டுப் பையன். அப்பா போயி நாப்பத்து மூணு நாள்தான் ஆகுதாம். வெளிய வந்து தீட்டுக் கழிச்சிட்டு விட்டுடலாம். உப்பு எடுத்து வெச்சிட்டேன்."

நான் சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஏழு நாள்தானே குறையுது. இந்தக் காலத்துல யாரு எண்ணறா? மழை வருது, உள்ள விடு."

மழை ஒரு சாக்கு. அன்று மத்தியானம் உமேதானி வீட்டில் எனக்கு விருந்து. ஹமாமட்சுவிலிருந்து விலாங்கு மீன் வரவழைத்துச் சுட்டு வைத்திருந்தார்கள். சூடு ஆறினால் விலாங்கு நன்றாக இருக்காது. அந்தக் கால்மணி நேரத்தை நான் மீனுக்காக மிச்சம் பிடித்தேன். யசோகிச்சி இரண்டு நொடி நின்றார். பிறகு போய்ப் பையனை உள்ளே விட்டார். நான் கோலை ஆட்டினேன், தாயத்தைக் கொடுத்தேன். பையன் நல்ல பையன். தலை குனிந்து நிற்கும்போது காது வரைக்கும் சிவந்திருந்தது.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் விடிகாலையில், கணவாயின் மூன்றாவது வளைவில், மூடுபனியில் அந்தக் குட்டி லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. பின்சக்கரம் தேய்ந்து வழுக்கையாக இருந்தது என்று போலீஸ்காரர் எழுதினார். அது உண்மைதான். ஆனால் பூசாரி உடுப்பு போட்டுக்கொண்டு கோல் ஆட்டுகிறவன் சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது. ஆட்டினால் வழி காப்பாற்றப்படும் என்று சொல்லித்தானே ஆட்டினேன்? சாவுக்கும் நான் போகவில்லை. பூசாரிக்குச் சாவு வீடு ஆகாது என்று ஒரு வழக்கம் எங்களுக்கு இருக்கிறது. அன்று அது நன்றாக உதவியது. யசோகிச்சி போனார். கோயிலுக்குள் வராமல் ஒரு வாரம் வெளி ரோட்டையே கூட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை மாதம் ஒரு காலையில் பையனின் தாய் ஃபுமியே வந்தாள். தோரணவாசலுக்கு வெளியே நின்றாள். மார்ச்சில் புருஷன், மே மாதம் மகன். உடம்பு பாதியாகி, முதுகு வளைந்து, ஐம்பது வயதுக்காரி எழுபது வயதுக்காரியாக இருந்தாள். கையில் நான் கொடுத்த தாயத்துப் பை. விபத்தில் தாயத்து கிழிந்தால், அடியை அது வாங்கிக்கொண்டது என்பார்கள் எங்கள் ஜனங்கள். இது புதுசு போல இருந்தது. நூல்கூட அறுந்திருக்கவில்லை.

நானும் யசோகிச்சியும் வாசலுக்குப் போனோம். "உள்ள வாங்கம்மா" என்றேன்.

"பிள்ளை போயி இன்னிக்கு ஐம்பத்தொண்ணு. எண்ணித்தான் வந்திருக்கேன். ஆனா உள்ள வர மாட்டேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் ஐயா. அவங்கப்பா போயி நாப்பத்து மூணாம் நாள் கத்சுமியை இங்க அனுப்பினது நான். அவன் மாட்டேன்னான். ஏழு நாள் கழிச்சுப் போறேம்மான்னான். 'இந்தக் காலத்துல யாருடா எண்ணறா, போயிட்டு வா'ன்னு நான்தான் விரட்டினேன். இங்க என்ன நடந்துச்சுன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. தீட்டோட வந்தான்னுதான் சாமி வழியில கையை விட்டுட்டாரா? சொல்லுங்க. என் பிள்ளையை நான்தான் கொன்னேனா?"

நான் சொன்ன அதே வார்த்தைகள். இல்லையம்மா, உங்கள் பிள்ளை நாள் கணக்கை மறைக்கவில்லை, கழிக்க வேண்டிய தீட்டைக் கழிக்காமல் விட்டவன் நான் என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். யசோகிச்சி என்னைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையிலிருந்த சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமிட்டி, கோயில் பெயர், நூற்றைம்பது வருஷமாகப் பூசை செய்யும் எங்கள் குடும்பம் எல்லாம் அந்தக் கல்லில் தெரிந்தன.

யசோகிச்சி தொப்பியைக் கழற்றினார். சரளையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"அம்மா, தப்பு உங்களுது இல்ல. என்னுது. வாசல்ல கேக்க வேண்டியவன் நான். அன்னிக்கு நான் கேக்கல. கேட்டிருந்தா உங்க பையன் மறைக்காம சொல்லியிருப்பான். சொல்லியிருந்தா ஐயா வெளிய வந்து தீட்டைக் கழிச்சிருப்பார். ஒரு தோஷமும் இருந்திருக்காது. காலையிலயே குடிச்சிருந்தேன். ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது."

சண்டையிலிருந்து திரும்பியதிலிருந்து அவர் சொட்டு மது தொட்டவரில்லை. கோயில் விசேஷத்தில் கொடுத்தால்கூட உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்.

ஃபுமியே தூணருகே இருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் தலையில் கொட்டினாள். "குடிகாரப் பயலே! எல்லாரையும் கேப்பியே! பூனை செத்தாலும் கேப்பியே! என் பிள்ளை வந்த அன்னிக்கு மட்டும் உன் வாய் அடைச்சுப் போச்சா?" என்று கிண்ணத்தாலேயே முதுகில் அடித்தாள். அடிக்க அடிக்க அவள் முதுகு நிமிர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் போன பிறகு யசோகிச்சி எழுந்து கழுத்திலிருந்த உப்பைத் தட்டினார். "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். "சொல்லல. சரி." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சிந்திய உப்பைக் கூட்டப் போய்விட்டார்.

செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவ மூன்று நாள் ஆனது. உமேதானி கமிட்டியைக் கூட்டினார். "முப்பது வருஷம் வேலை பார்த்தார், அதை மறுக்கல. ஆனா குடிச்சிட்டு வாசல்ல நின்ன ஆளை வெச்சுக்கிட்டு நாம கோயில் நடத்த முடியாது. ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது தடவையாக எனக்கு ஒரு வழி திறந்தது. "கமிட்டி முடிவுதான் என் முடிவு" என்றேன். எனக்குப் பெரிய மனது என்று அதற்கும் தலையாட்டினார்கள்.

யசோகிச்சி பழைய நெடுஞ்சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்குக் குடி போனார். ரோடு போடுகிறவர்களுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்துப் பிழைத்தார். ஃபுமியே தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் அவர் கதவுக்கு எதிரே வந்து நிற்பாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வருவார். அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொள்வார். பஸ் வந்ததும் அவள் ஏறிப் போவாள். மழையோ பனியோ, தேயிலை ஆலை திறந்திருக்கிற நாளெல்லாம் இது நடந்தது. முதலில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் அவள் திட்டி முடிக்கும் வரை காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

நாலாவது வருஷம் எனக்கு மாரில் வலி வந்தது. சாவு பயம் வந்தால்தான் எனக்கெல்லாம் யோக்கியம் வரும். ஒரு மத்தியானம் ஆரஞ்சுப் பழம் ஒரு கூடை வாங்கிக்கொண்டு யசோகிச்சியிடம் போனேன். "நான் அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு?"

"எனக்குத் தாங்கல, யசோ-சான்."

"அதானே பார்த்தேன். உங்களுக்குத் தாங்கலன்னு சொல்றீங்க." அவர் குரல் உயரவில்லை. "சொன்னா உங்க மனசு லேசாகும். அவளுக்கு? நாலு வருஷமா அடிச்ச ஆள் தப்பான ஆள்னு தெரிஞ்சா அவ என்ன ஆவா? போன மாசம் எனக்குக் காய்ச்சல். வெளிய வர லேட்டாச்சு. கதவைத் தட்டி, 'டேய், செத்துட்டியா'ன்னு கத்தறா. குரல்ல பயம் ஐயா. நான் எழுந்து போயி நின்னப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு. காலையில எழுந்து, தலை சீவி, வெளிய வர அவளுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைப் பிடுங்கிடாதீங்க."

"உன் பேர் கெட்டுப் போச்சே?"

"என் தலையில ஏற்கெனவே ஏகப்பட்டது கிடக்கு. இன்னொண்ணு ஏறினா பாரம் தெரியாது." ஒரு சுளையை எனக்கு நீட்டினார். "இனிப்பா இருக்கு, சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். தொல்லை விட்டது என்று ஒரு நிம்மதியோடுதான் வீட்டுக்கு நடந்தேன். அந்த நிம்மதிக்காகத்தான் அங்கே போனேனோ என்னவோ.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பிப்ரவரியில், நுரையீரல் காய்ச்சலில் யசோகிச்சி செத்துப் போனார். ஒரு காலை ஃபுமியே கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டவளும் அவள்தான். அவள் அன்று வேலைக்குப் போகவில்லை.

புத்தர் கோயில் கூடத்தில் சாவுச் சடங்கு நடந்தது. வந்தவர்கள் ஒன்பது பேர். இந்த முறை நான் போனேன். வழக்கத்தைக் காட்டி ஒளிய எனக்கே வெட்கமாக இருந்தது. ஃபுமியே கறுப்புக் கிமோனோவில் வந்து, சாம்பிராணித் தூள் கிள்ளிப் போட்டு, அவர் படத்துக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கூரைக்கடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"இனி நான் காலையில யாரைப் போய்த் திட்டறது, ஐயா?" என்றாள்.

"என்னை" என்றேன்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். யசோகிச்சி அன்று கேட்டதை, பையன் நாள் கணக்கை மறைக்காமல் சொன்னதை, அவர் ஓடி வந்து உப்பு எடுத்து வைத்திருக்கிறேன் என்றதை, நான் என்ன வார்த்தை சொன்னேன் என்பதை, விலாங்கு மீனைக்கூட விடாமல் சொன்னேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் இளகிவிட்டது.

"செத்தவர் பேரைக் காப்பாத்த உங்க பேரையே கொடுக்கறீங்களா?" என்றாள். "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு."

"பொய் இல்லம்மா. சத்தியம். நடந்தது இதுதான்."

"நடந்ததுன்னா அன்னிக்கு வாசல்லயே சொல்லியிருப்பீங்களே. ஒரு கிழவன் அடி வாங்கறதைப் பார்த்துக்கிட்டு நிக்கறவரா நீங்க? கோயில் பூசாரி. ஆறு வருஷம் பேசாம இருந்திருப்பீங்களா?" பனியைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்கிறவள் போல மெதுவாகத் தொடர்ந்தாள். "அவரும் குடிச்சிருந்தேன்னார். ஆறு வருஷம் தினம் அவர் மூஞ்சிக்கு நேரா நின்னிருக்கேன். ஒரு நாள் வாடை அடிச்சதில்ல. நேத்து உள்ள போயிப் பார்த்தேன், வீட்டுல ஒரு காலி பாட்டில்கூட இல்ல. எனக்காகப் பொய் சொல்லியிருக்கார். இப்ப அவர் இல்லேன்னதும் நீங்களும் எனக்காகச் சொல்றீங்க. நீங்க ரெண்டு பேருமே நல்லவங்க."

"அம்மா, கேளுங்க—"

"அப்போ நான்தான்" என்றாள். "முதல்லயே எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். உரக்கச் சொன்னேன், அழுதேன், சாமி பெயரைச் சொல்லி ஆணையிட்டேன். நான் அழ அழ அவளுக்கு என் மேல் மரியாதைதான் கூடியது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, இடுப்பு மடிய இரண்டு முறை என்னை வணங்கி நன்றி சொல்லிவிட்டு, முதுகு பழையபடி வளைய, பஸ்ஸுக்கு நடந்து போனாள்.